வாங்கியவர் பெயரும் நெய்தவர் பெயரும்

உலகச் சந்தையிலே பெருவிலைக்குப் போகும் பழங்கம்பளங்களுக்கு வழங்கும் பெயர்களைச் சற்றே உற்று நோக்குவோர்க்கு ஒரு விந்தை புலப்படாமற் போகாது. ‘ஹோல்பைன் கம்பளம்’ என்பர். ஹோல்பைன் நெசவாளர் அல்லர், 1543-இல் மறைந்த ஜெர்மானிய ஓவியர். ‘லோட்டோ கம்பளம்’ என்பர். அவரும் இத்தாலிய ஓவியரே. இவ்விருவர் தம் சித்திரங்களில் எழுதி வைத்த கம்பளங்கள் மேற்கு அனத்தோலியாவில், உஷாக் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில், முஸ்லிம்களின் தறிகளில் உருவானவை. ‘புகாரா கம்பளம்’ என்று பெயர் பெற்றதை நெய்தவர்கள் புகாராவாசிகள் அல்லர். பாலைவெளியில் கூடாரமிட்டு வாழ்ந்த துர்க்மானியரின் தெக்கே குலத்துப் பெண்கள். அது விலைபோன சந்தை புகாராவில் இருந்தது, அவ்வளவே. ‘ஸீக்லர் கம்பளம்’ என்பதோ இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து வணிக நிறுவனம் ஒன்றின் பெயர்.

வரைந்தவர் பெயர் இருக்கிறது. விற்ற ஊரின் பெயர் இருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தறியின்முன் அமர்ந்து முடிச்சு முடிச்சாக அதை ஆக்கிய கையின் பெயரை மட்டும் காணோம். இன்று நம் சமுதாயத்தவர் உம்ராவுக்குச் சென்று திரும்பும் வழியிலோ, இஸ்தான்புல், இஸ்பஹான், ஸ்ரீநகர் முதலிய நகரங்களுக்குச் சுற்றுலாவாகவோ செல்கின்றனர். திரும்பும்போது ஒரு கைமுடிச்சுக் கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டு வருகின்றனர். ஆகவே, அயல்நாடு சென்று கம்பளம் வாங்கியோரின் வரலாறு நமக்கும் தொடர்பற்ற ஒன்றன்று.

பெயர் மாறிய கதைகளில் சுவை மிக்கது போலந்து நாட்டுக் கதையாகும். 1601-ஆம் ஆண்டில் போலந்து அரசர் மூன்றாம் ஸிகிஸ்மண்டு, ஸெபர் முராத்தோவிச் என்னும் ஆர்மீனிய வணிகரைப் பாரசீகத்திற்கு அனுப்பினார். அப்போது அங்கே ஷாஹ் அப்பாஸின் ஆட்சி. முராத்தோவிச் காஷான் நகரை அடைந்து, பட்டுக் கம்பளங்களுக்கு ஆணை கொடுத்து, அங்கேயே இருந்து நெய்வித்து, அரசருடைய இலச்சினையையும் அவற்றுள் பொறிக்கச் செய்தார். அவர் கொடுத்த கணக்கு இன்றும் கிடைக்கிறது. கம்பளம் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிரவுன்; இலச்சினையை நெய்ததற்குத் தனியே 5 கிரவுன். அரசர் மகளின் திருமணத்தின் வழியே சில கம்பளங்கள் ஜெர்மனிக்குச் சென்றன. அவை மூனிக் அரண்மனையைச் சேர்ந்தன. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1878-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இவ்வகைப் பட்டுக் கம்பளங்களை ஒரு போலந்துப் பிரபு காட்சிக்கு வைத்தார். அவற்றில் நெய்யப்பட்டிருந்த இலச்சினையைக் கண்ட மக்கள், இவை போலந்திலேயே நெய்தவை என்று முடிவு கட்டிவிட்டனர். ‘போலோனேஸ்’, அதாவது போலந்துக் கம்பளம் என்னும் பெயர் அன்று விழுந்தது. பாரசீகத்தின் வேலை என்பது பின்னர் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டபோதிலும் அப்பெயர் போகவில்லை; அருங்காட்சியகப் பட்டியல்களில் இன்றும் அதுவே வழங்குகிறது. கம்பளத்தில் கண்ட இலச்சினை, நெய்த நாட்டின் பெயரையே மறைத்துவிட்டது!

முடிச்சின் பெயரிலும் இதே குழப்பந்தான். கம்பள முடிச்சு இருவகை. ஒன்றைத் துருக்கி முடிச்சு என்றும், மற்றொன்றைப் பாரசீக முடிச்சு அல்லது ‘ஸென்னே முடிச்சு’ என்றும் நூல்கள் கூறும். ஸென்னே என்பது குர்திஸ்தானத்தில் உள்ள ஸனந்தஜ் நகரின் பழைய பெயர். அவ்வூர் நெசவாளர்கள் போடுவதோ துருக்கி முடிச்சு! தறியைப் பார்க்காமல் கடையில் நின்று பெயர் வைத்தவர்களின் வேலை இது.

நம்மவர் ஒருவர் செய்ததோ வேறு. கி.பி. 1330-களில் அனத்தோலியாவைச் சுற்றிய இப்னு பதூதா (பின்னாளில் நம் மஃபர் நாட்டுக்கும் வந்து சென்றவரே) அக்ஸராய் நகரைப் பற்றி எழுதுமிடத்து, அங்கே ஆட்டு உரோமத்தால் நெய்யப்படும் விரிப்புகள் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குவதையும், அவற்றுக்கு நிகர் எந்நாட்டிலும் இல்லை என்பதையும், அவை ஷாம், மிஸ்ர், இராக், ஹிந்து, சீனம், துருக்கியர் நாடுகள் ஆகியவற்றுக்கு ஏற்றுமதியாவதையும் குறித்துள்ளார். இரண்டு மூன்று வரிக்குள் சரக்கு, மூலப்பொருள், நெய்த ஊர், செல்லும் நாடுகள் அனைத்தும் அடங்கிவிட்டன. ஒரு பயணி எதைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கம்பளத்திற்கும் நமக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சுவனத்தின் இன்பங்களைக் கூறும் ஸூரா அல்-காஷியாவில் வரும் ‘ஸராபிய்யு’ என்னும் சொல் விரிக்கப்பட்ட கம்பளங்களைக் குறிப்பதாகும்; மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இன்றும் கம்பளத்தை ‘ஸர்பிய்யா’ என்றே அழைக்கின்றனர். ஆனால் கம்பளக் கலை இஸ்லாத்தோடு தொடங்கியதன்று. சைபீரியாவின் அல்தாய் மலையில் பாஸிரிக் என்னுமிடத்தில், பனி உறைந்த கல்லறை ஒன்றிலிருந்து 1949-இல் ஓர் கம்பளம் எடுக்கப்பட்டது. ஈஸா நபி (அலை) அவர்களுக்கு நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அது, ஏறத்தாழச் சதுர வடிவில் இரண்டு மீட்டர் அளவினது. முடிச்சுகளும் நிறங்களும் இன்னும் தெளிவாக உள்ளன. நெய்த நாடு எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை.

இனி, நெய்தவர் சார்பில் ஒரு பெயரைத் தாங்கி நிற்கும் கம்பளத்திற்கு வருவோம்.

லண்டன் நகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் ஏறத்தாழப் பத்தரை மீட்டர் நீளமும் ஐந்தே கால் மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்டது. பாவும் ஊடையும் பட்டு, மேற்புறம் உரோமம், நிறங்கள் பத்து. அதன் முடிச்சுகளின் தொகை ஏறத்தாழ 2 கோடி 60 லட்சம் எனக் கணக்கிட்டுள்ளனர். தேர்ந்த கை ஒன்று நாளொன்றுக்கு எட்டாயிரம் முடிச்சுப் போடும் என்று வைத்துக் கொண்டாலும், ஒருவர்க்கு 3,250 நாட்கள் வேண்டும். பத்துப் பேர் ஒருங்கே அமர்ந்தாலும் ஓய்வின்றி ஓராண்டு. இத்துணை நுண்மையான பூவேலையில் அவ்வேகம் கூடுமா என்பது வேறு. பட்டை நூற்று, உரோமத்துக்குச் சாயமேற்றி, பாவோட்டிய காலமும் இக்கணக்கில் சேரவில்லை.

அதன் ஓரத்தில், ஒரு சிறு கட்டத்துள், ஹாபிஸ் ஷீராஸியின் கஸலிலிருந்து ஈரடி நெய்யப்பட்டுள்ளது. இறைவனின் வாசலை அன்றித் தனக்கு வேறு புகலிடம் இல்லை என்னும் பொருளது அது. அதன் கீழே, ‘வாசலின் அடிமை’யாகிய மக்ஸூத் காஷானீயின் வேலை என்றும், ஹிஜ்ரி 946 என்றும் காணப்படுகின்றன. கி.பி. 1539-40 ஆகும், ஷாஹ் தஹ்மாஸ்பின் காலம். மக்ஸூத் தாமே முடிச்சுப் போட்டவரா, வரைபடம் தீட்டியவரா, பட்டறைத் தலைவரா என்பது துணிந்து சொல்லக்கூடியதன்று. இவ்வளவு பெரிய வேலை ஒருவர் கையால் ஆகாது என்பது மட்டும் உறுதி. ஆயினும் வாங்கியவர் பெயரின்றி, செய்தவர் சார்பில் ஒரு பெயர் ஆண்டோடு நிற்பது அக்காலக் கம்பளங்களில் அரிதினும் அரிது.

அர்தபீல் என்பது ஈரானின் வடமேற்கே உள்ள நகரம். ஹிஜ்ரி 735-இல் (1334) மறைந்த ஷைகு ஸபிய்யுத்தீன் அர்தபீலீ அவர்களின் தர்காவும் கான்காவும் அங்குள்ளன. அன்னாரின் காலத்தில் அவ்வூர் மக்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றினர் எனப் பழைய பூகோள நூல் கூறுவதை நம் கடற்கரைப் பகுதி வாசகர்கள் கவனிக்கலாம். பின் வந்த வழித்தோன்றல்களே ஷீஆ நெறியை ஏற்று, 1501-இல் ஸபவிய்யா அரசை நிறுவினர். 1843-இல் தர்காவைப் பார்வையிட்ட ஆங்கிலேயர் சிலர் இக்கம்பளத்தை அங்கே கண்டனர். அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து நிலநடுக்கத்தால் கட்டடம் பழுதுற்றது, கம்பளம் விற்கப்பட்டது. வாங்கியவர் மேலே சொன்ன மான்செஸ்டர் நிறுவனத்தார். 1892-இல் லண்டனில் ஒரு வணிகர் அதனைக் காட்சிக்கு வைத்து விலை கூறினார். புகழ் பெற்ற கவிஞரும் வடிவக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் அதைப் பார்வையிட்டு, எவ்வகையாலும் வாங்கத்தக்கது என அருங்காட்சியகத்தாருக்குப் பரிந்துரைத்தார். 1893-இல் 2,000 பவுனுக்கு விலை முடிந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்று. தர்காவிலிருந்து வந்தவை இரண்டு கம்பளங்கள். ஒரே வரைவில் நெய்த இணை. இரண்டிலும் ஆங்காங்கே தேய்வு. ஒன்றை வெட்டி, அத்துண்டுகளைக் கொண்டு மற்றொன்றின் கரையையும் உடலையும் ஒட்டுப்போட்டு முழுமையாக்கினர். முழுமையானது லண்டனில் ‘ஒப்பற்ற ஒன்று’ என விலைபோயிற்று. கரையிழந்த மற்றது சந்தடியின்றி அமெரிக்கச் செல்வர் ஒருவர் கைக்குச் சென்றது. பல கை மாறி, 1930-களின் இறுதியில் எண்ணெய்ச் செல்வர் பால் கெட்டியிடம் ஏறத்தாழ 70,000 டாலருக்கு வந்தது. திருமணப் பரிசாகக் கொடுக்கும் பொருட்டு எகிப்து மன்னர் பாரூக்கின் சார்பில் இரண்டரை லட்சம் டாலர் தருவதாகக் கேட்டும் அவர் கொடுக்கவில்லையாம். 1953-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக்கினார். அங்கே அது இன்றும் உள்ளது.

இவ்விடத்தில் மதரஸாவில் கிதாபு ஓதியவர்க்கு ஒரு கேள்வி எழாமலிராது. தர்காவின் விரிப்பு வக்பு அன்றோ? அதை விற்றது எங்ஙனம் கூடும்? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலின் வக்புப் பாடத்தில், பள்ளிவாசலின் பாய்கள் நைந்து, எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அடைந்தால் விற்கலாம் என்பதே ஏற்புடைய கருத்து என்கிறார்கள். அப்போதும் கூடாது என்னும் கருத்தும் மத்ஹபில் உண்டு. ஹனபீ மத்ஹபில், பயனற்றுப் போன வக்பை மாற்றிக் கொள்வது காழியின் அனுமதிக்கு உட்பட்டது. அர்தபீல்வாசிகள் பின்பற்றிய ஜஃபரீ சட்டத்திலும் அழிவு நேர்ந்த சில நிலைகளிலன்றி வக்பை விற்பது ஆகாது. கூரை இடிந்து கிடக்க, தேய்ந்த கம்பளத்தை விற்றுக் கூரையைக் காப்பது குற்றமா என்று கேட்டால், முதவல்லிகள் மீது அவ்வளவு எளிதில் பழி சுமத்த என்னால் இயலாது. அப்பெருங்கட்டடத்தைக் காக்க வழியின்றி நின்றவர்கள் அவர்கள். ஆனால் ‘எரிக்கவன்றி உதவாதது’ என்னும் அளவுகோலை வைத்துப் பார்த்தால், நூற்றுமுப்பது ஆண்டு கழிந்த பின்னும் கண்ணைப் பறிக்கும் அக்கம்பளம் அதற்குள் அடங்காது என்பதும் தெளிவு. (அவை தர்காவுக்கென்றே நெய்யப்பட்டவைதாமா, அங்குள்ள மண்டபத்தில் இரண்டும் அருகருகே விரிய இடமிருந்ததா என ஆராய்ச்சியாளர் வாதிடுவதும் உண்டு.) வாங்க வந்த அயல்நாட்டார் இக்கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. விற்பவனிடம் பொருள் இருக்கிறது. அதை விற்க அவனுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கம்பளத்தை வெட்டியதைப் படிக்கும்போது இன்னொரு வெட்டு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 16-இல் மதாயின் நகரம் வெற்றி கொள்ளப்பட்டபோது, கிஸ்ராவின் அரண்மனையிலிருந்து அறுபது முழ நீளமும் அறுபது முழ அகலமும் கொண்ட விரிப்பொன்று கிடைத்தது. குளிர்காலத்தில் அதன்மீது அமர்ந்தால் வசந்தத் தோட்டத்தில் இருப்பது போலிருக்குமாறு பொன்னாலும் மணிகளாலும் ஆறும் மரமும் பூவும் அமைந்தது. ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அதை முழுதாக மதீனாவுக்கு அனுப்பினார்கள். அப்படியே வைத்துக் கொள்ளலாம் என்று சொன்னவர்களும் இருந்தனர். அலீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி கலீபா உமர் (ரலி) அவர்கள் அதனைத் துண்டாக்கி மக்களுக்குப் பங்கிட்டார்கள். அலீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த துண்டு சிறந்த பகுதியன்று. ஆயினும் 20,000 திர்ஹத்துக்கு விலைபோயிற்று என்று இமாம் தபரீ எழுதுகிறார்கள். கலையை அழித்துவிட்டனர் என்று மேல்நாட்டு ஆசிரியர் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். உரிமையுடையோர் யாவர்க்கும் பங்கு சேரும்பொருட்டு வெட்டியது அது; ஒன்றின் விலையை உயர்த்தும்பொருட்டு மற்றொன்றை வெட்டியது இது. முகம் சுளிக்க வேண்டியது எதற்கு?

அர்தபீல் கம்பளம் லண்டன் சேர்ந்த காலத்தில் பாரசீகக் கம்பளத்தின் மீது ஐரோப்பியர்க்கு ஒரு மோகமே பிடித்திருந்தது. தந்தித் துறையின் பொறுப்பில் தெஹ்ரானில் இருந்த மர்டாக் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1873 முதல் அதே அருங்காட்சியகத்துக்காகப் பாரசீகக் கலைப்பொருட்களை வாங்கி அனுப்பிக் கொண்டிருந்தார். 1891-இல் வியன்னாவில் கம்பளங்களுக்கென்றே பெருங்கண்காட்சி நடந்தது. பழையவை தீரத் தீர, புதியவற்றை நெய்விக்க வேண்டியதாயிற்று. ஸீக்லர் நிறுவனம் 1883 முதல் சுல்தானாபாத்தில் (இன்றைய அராக்) அலுவலகம் அமைத்து, சுற்றுக் கிராமத்து நெசவாளர்க்கு முன்பணமும் உரோமமும் வரைபடமும் கொடுத்தது. வரைபடம் ஆங்கிலேயர் வீட்டு வரவேற்பறையின் அளவுக்கும், அவர்களது திரைச்சீலை நிறத்துக்கும் பொருந்தியது. கூலி கிடைத்தது, பட்டினி குறைந்தது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாயிடமிருந்து மகள் கற்ற பூவும் கொடியும் போய், கடல் கடந்து வந்த தாளில் உள்ளது தறியில் ஏறிற்று.

சாயத்திலும் மாற்றம் வந்தது. மஞ்சிட்டி வேர், அவுரி, மாதுளைத் தோல், அக்ரூட் தோல் ஆகியவற்றால் ஏற்றிய நிறம் வெயிலிலும் நீரிலும் நிற்கும்; ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகேறும். 1856-இல் லண்டனில் பெர்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் அதன் வழிவந்த மலிவுச் சாயங்கள் பாரசீகச் சந்தையை நிறைத்தன. அவற்றுள் பல ஓரிரு ஆண்டிலேயே வெளிறின, நீர்பட்டால் ஒழுகின. நாஸிருத்தீன் ஷாஹ் அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தார். தடை காகிதத்தில் நின்றது. வாங்க வந்தவன் விலையைக் குறைத்துக் கேட்டான். நெய்தவன் சாயத்தில் குறைத்தான்.

இதனினும் கொடியது பிள்ளைகள் நிலை. சிறு விரல் நுண்முடிச்சுக்கு ஏற்றது என்று சொல்லிக் குழந்தைகளை ஈரமான நிலவறைப் பட்டறைகளில் விடியல் முதல் இருட்டும்வரை அமர்த்தினர். கால் வளைந்து, மார்பு ஒடுங்கி வளர்ந்தவர்கள் பலர். அவ்வாறு வளர்ந்த பெண்கள் பிரசவத்தில் பட்ட பாடும் மருத்துவர்களால் எழுதி வைக்கப்பட்டுள்ளது. 1923-இல் கிர்மான் ஆளுநர் பிறப்பித்த ஆணை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், எட்டு வயதுக்குக் குறைந்த சிறுவரையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுமியரையும் தறியில் அமர்த்தலாகாது என்றும் கூறிற்று. எட்டு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாம் என்பது ஒரு சீர்திருத்தமாக இருந்ததென்றால் அதற்கு முன்னைய நிலையை ஊகித்துக் கொள்க.

வாங்குபவர் ஏமாந்த கதைகளும் இல்லாமலில்லை. இரண்டு பாவு நூலில் போட வேண்டிய முடிச்சை நான்கு நூலில் சேர்த்துப் போடுவது ஒரு தந்திரம், ‘ஜுப்தீ’ என்பர். வேலை பாதியாகும், கம்பளத்தின் ஆயுளும் குறையும், மேலே பார்த்தால் தெரியாது. புதிய கம்பளத்தைத் தேயிலை நீரில் தோய்த்தும், மருந்து நீரில் அலசியும், வெயிலில் காய வைத்தும் நூறாண்டுப் பழையது போலாக்கி விற்பது இன்னொன்று. நம் பிக்ஹு நூல்களில் இதற்குப் பெயர் ‘தத்லீஸ்’. அடிமை விற்பனை நடந்த அக்காலத்தில் நரைத்த முடிக்குக் கருஞ்சாயம் பூசி இளமையாகக் காட்டி விற்றால், வாங்கியவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று மின்ஹாஜில் படிக்கிறோம். முதுமையை இளமையாக்கியது அன்றைய வஞ்சனை, இளமையை முதுமையாக்குவது கம்பளக் கடை வஞ்சனை, சட்டம் ஒன்றே. தானியக் குவியலுள் கைவிட்டு உள்ளிருந்த ஈரத்தைக் கண்டறிந்து, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்ற கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை அறியாதார் நம்மில் யார்?

ஆனால் வாங்குபவனின் கடமையையும் நம் இமாம்கள் விட்டுவிடவில்லை. மலையாளக் கரைப் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், மக்ஸூதின் கம்பளம் நெய்யப்பட்ட அதே ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் எழுதிய ‘பத்ஹுல் முஈன்’ நூலில், விற்பவன் வஞ்சிக்காதிருக்க, கண்ணாடியை மாணிக்கமென்று தானே எண்ணிப் பெருவிலை கொடுத்தவனுக்குத் திருப்பும் உரிமை இல்லை என்கிறார்கள். விசாரியாமல் தன் எண்ணத்தின்படி நடந்தது அவன் குறையாம். விற்பவனும் அவ்வாறு ஏமாறலாம். ஜெர்மனியில் ஏலத்தில் 900 யூரோ மதிப்பிடப்பட்டு 19,700 யூரோவுக்குப் போன பதினேழாம் நூற்றாண்டுக் கிர்மான் கம்பளம் ஒன்று, 2010-இல் லண்டன் ஏலத்தில் 60 லட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

ஆகவே வாங்கச் செல்வோர் முதலில் கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கைமுடிச்சாயின் பின்புறத்திலும் பூவேலை முன்புறம் போலத் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் ஒன்றுபோலவே இல்லாமல் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும். பொறியில் நெய்ததற்குப் பெரும்பாலும் குஞ்சத்தைத் தனியே வைத்துத் தைத்திருப்பர். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டலாகாது. ஒரே நிறப் பரப்பில் பட்டை பட்டையாக நிறம் சற்று மாறினால் அஞ்ச வேண்டா; உரோமத்தைத் தவணை தவணையாகச் சாயமேற்றியதன் அடையாளம் அது. ‘அப்ரஷ்’ என்பர், விரும்பி வாங்குவோரும் உளர். கடைக்காரர் தேநீர் கொடுத்து உபசரிப்பார். அருந்தலாம், அதனால் வாங்கியே தீர வேண்டிய கடமை எதுவும் வந்துவிடாது. விலை முடிந்த பின்னும், இருவரும் அவ்விடத்தை விட்டுப் பிரியும்வரை விலகிக் கொள்ளும் உரிமையை ஷாபிஈ மத்ஹபு இருவர்க்கும் அளித்திருக்கிறது. மக்காவிலும் மதீனாவிலும் குவித்து விற்கப்படும் முஸல்லாக்கள் பெரும்பாலும் பொறியில் நெய்தவை. அதில் குறையொன்றுமில்லை, தொழுவதற்கு அவை போதும். கைவேலை என்று சொல்லிக் கைவேலையின் விலை கேட்டால்தான் குறை.

இரண்டாவதாக, கேட்க வேண்டியவற்றைக் கேட்டல் வேண்டும். எவ்வூர்? யார் வீட்டுத் தறி? பட்டறை எனில் யாருடையது? இப்னு பதூதாவுக்குக் கிடைத்த விடை இன்றைய பயணிக்குக் கிடைக்காது என்று எண்ணுவதற்கில்லை. விற்பவர் சொல்வதை விற்பனைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னால், பாதிக் கதைகள் அங்கேயே நின்றுபோகும். இஸ்பஹான், தப்ரீஸ், நாயீன் முதலிய ஊர்களின் தேர்ந்த பட்டறைகள் தம் பெயரைக் கரையில் நெய்வதுண்டு. அதுவும் பெரும்பாலும் பட்டறைத் தலைவரின் பெயரே.

நம் நாட்டிலும் மிர்ஸாபூர், பதோஹி வட்டாரங்களில் கம்பளத் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாகக் கிடந்த கொடுமையை வெளிப்படுத்திப் போராடியவர் கைலாஷ் ஸத்யார்த்தி. 2014-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். அவர் முயற்சியால் 1994-இல் ‘ரக்மார்க்’ என்னும் முத்திரை தோன்றிற்று. 2009 முதல் அது ‘குட்வீவ்’ எனப் பெயர் மாறியது. குழந்தை உழைப்பின்றி நெய்யப்பட்டதென்று, முன்னறிவிப்பின்றித் தறிகளைச் சோதித்து அளிக்கப்படும் சீட்டு அது. கம்பளத்தின் பின்புறத்தில் இருக்கும். 2013-இல் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 37 லட்சம் டாலருக்கு விலைபோன பதினேழாம் நூற்றாண்டுப் பாரசீகக் கம்பளத்துக்கு, அதை முன்பு வைத்திருந்த அமெரிக்கச் செல்வர் கிளார்க்கின் பெயரே வழங்குகிறது. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள பதோஹிக் கம்பளத்தின் பின்புறச் சீட்டிலோ எவர் பெயரும் இல்லை. ஓர் எண் மட்டும் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு அது எந்தத் தறியில் நெய்யப்பட்டதென்று தேடிக் காணலாம்.